இரண்டாவது தகடு

படிவத்தின் நாலாம் பக்கம் கேட்கிறது:
ஏற்கெனவே தெரியுமென்றால் சான்று எங்கே?

தெல்கெர்மா மூன்று புகைப்படங்களை வைத்தாள்.
உலான்பாத்தர், ரயில்பெட்டி பழுதுபார்க்கும் பணிமனை.
மூன்றிலும் தீப்பொறி.
மூன்றிலும் முகமூடி போட்ட யாரோ ஒருவர்.
"இது நீங்கள்தானா?"
கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
"வெல்டரின் முகம் படத்தில் தெரிந்தால்
அவள் அப்போது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்."
அதை எழுத அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை.

பதினொரு வருடம்.
மைனஸ் முப்பது குளிரில்
வெல்டிங் ராடுகளைக் கோட்டுக்குள் வைத்துக் காத்திருக்கிறாள்.
மேற்பார்வையாளரின் கடிதம்?
அவர் கொரியாவில் கோழிப்பண்ணையில் இருக்கிறார்.
பணிமனை?
விற்றாயிற்று, பெயர் மாறியாயிற்று,
தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை.
சம்பளச் சீட்டு ஒன்று இருந்தது.
மொழிபெயர்த்தவர் தொழில் என்ற இடத்தில்
'ஒட்டுபவர்' என்று போட்டிருந்தார்.
இருவரும் சிரித்தோம்.
காகிதம் சிரிக்கவில்லை.

சரி, கை பேசட்டும் என்று
தகட்டைச் செங்குத்தாக நிறுத்தினேன்.
கீழிருந்து மேலே.
இங்கே மூன்றாம் பருவத்தில்தான் இதைத் தொடுவோம்.
முதுகைத் திருப்பிக்கொண்டு காதால் பார்த்தேன்.
வையாலாவில் கப்பல்தளம் இருந்தபோது
அங்கே கிடந்தவனுக்கு அது போதும்:
நல்ல பற்றவைப்பு
எண்ணெய்ச் சட்டியில் ஒரே சீராகப் பொரியும்,
திக்காது, இருமாது.
கசடைத் தட்டினாள்.
ஒரே துண்டாக உரிந்து விழுந்தது.
அடியில்,
கடல் உள்வாங்கியபின் ஈரமணலில் நிற்கும் வரிகள்.

பதினாலு பாடத்தில் ஒன்பதைக் கழித்துவிடலாம் என்றேன்.
கட்டணம் குறையும் என்றேன்.
கைகுலுக்க நீட்டியும் விட்டேன்.

அவள் முகமூடியைக் கழற்றவில்லை.
"எத்தனை மாதம் குறையும்?"
பதினைந்து.
"விசாவிலும்?"
விசாவிலும்.
தெரிந்ததைப் படிக்க
யாரும் இங்கே தங்க முடியாது.

கம்ப்ரசர் ஒருமுறை ஓடி நின்றது.
ஊரில் வட்டிக்கு வாங்கிய பணம்,
மருத்துவமனைச் சலவையறையில் மாலை வேலை,
அங்கே மணிக்கு இத்தனை,
மாதத்துக்கு இத்தனை.
அந்தக் கணக்கு
முகமூடியின் கறுப்புக் கண்ணாடியில் தெரியவில்லை.
என் முகம்தான் தெரிந்தது.

"ஒன்பது வேண்டாம், பிரெண்டன். நாலு போதும்.
மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது."
தெரியுமென்று இப்போதுதானே பார்த்தேன்.
"காதால்தானே" என்றாள்.
"இன்னொரு தகடு கொடுங்கள்."

கொடுத்தேன்.
கொடுத்திருக்கக் கூடாது.

இம்முறை சத்தம்
வேண்டுமென்றே நொண்டுகிற காலின் சத்தம்.
நடுவில் இரண்டுமுறை நின்றது,
நிற்கத் தெரியாதவள் நிற்பது போல.
கசடைத் தட்டினாள்.
துளைகள்.
பாடப்புத்தகத்தில் படம் போடலாம்,
அவ்வளவு சுத்தமான துளைகள்.
அளவுகோலை வைத்தேன்.
எட்டு மில்லிமீட்டர். எட்டு.
எட்டு. எட்டு.
தப்பும் அளவெடுத்துத்தான் வந்திருக்கிறது.
கடைசித் துளை மட்டும் பதினொன்று தள்ளி.
அதை அவளே விரலால் தடவினாள்.
முகமூடியை அப்போதுதான் தூக்கினாள்.
"இது... இது தானாக வந்துவிட்டது"
என்றாள்,
வெட்கம் காதுவரை ஏற.

படிவத்தில் இரண்டே கட்டம்:
தேர்ச்சி.
இன்னும் இல்லை.

வெளியே முதலாமாண்டுப் பையன்கள்
பூட்ஸைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.
நான் பேனாவை விட்டுவிட்டுச்
சாக்கட்டியை எடுத்தேன்.
இரண்டாவது தகட்டின் முதுகில்
தேதியை எழுதினேன்.
பெயர் எழுதவில்லை.

அது என் மேசையில்
காகிதம் பறக்காமல் வைக்க உதவுகிறது.
அதன் அடியில்தான் படிவம் இருக்கிறது.
வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.